நாடி பிடித்த கையும் கோப்பு பிடித்த கையும்

மருத்துவர் என்றதும் நம் மக்களின் மனக்கண்முன் தோன்றுபவர், நாடி பார்த்து, ஊசி போட்டு, மருந்து எழுதிக் கொடுப்பவரே. அவரே பதவி உயர்வு பெற்று, வருகைப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் பார்க்கத் தொடங்கிவிட்டால், "அவர் இப்போது டாக்டர் இல்லை, ஆபீசர்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த மருத்துவரின் உள்ளத்திலும் அதே வினா எழுவதுண்டு: நான் குணமாக்குபவனா, ஆணையிடுபவனா? இவ்வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டிற்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் தமிழகத்திற்குத் தனியிடமும் உண்டு.

1847ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம், வில்லியம் ஹென்றி டங்கன் என்னும் மருத்துவரைத் தன் சுகாதார அலுவலராக நியமித்தது. அந்நாட்டில் அப்பதவியை ஏற்ற முதல் மருத்துவர் அவரே. தொடக்கத்தில் அது பகுதிநேரப் பணி. தம் சொந்த மருத்துவத் தொழிலையும் அவர் நடத்திக்கொள்ளலாம். அவ்வாண்டிலேயே, அயர்லாந்துப் பஞ்சத்திற்குத் தப்பி வந்த ஏழைகளிடையே டைபஸ் காய்ச்சல் கொடுமையாகப் பரவியது. நோயுற்றோரைச் சந்திக்கச் சென்ற கத்தோலிக்கக் குருக்கள் பத்துப் பேர் அந்நோயால் மாண்டனர். அடுத்த ஆண்டில் டங்கன் முழுநேர அலுவலரானார். மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நிலவறைக் குடியிருப்புகளும் கழிவுநீரும் இருக்கும்வரை மருந்துப் புட்டியால் மட்டும் பயனில்லை என்பதை அந்நகரம் உணர்ந்தது. மருத்துவம் அன்று நோயாளியின் கட்டிலருகிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தது எனலாம்.

நம் நாட்டிலோ இம்மாற்றம் படைமுகாமின் வழியே வந்தது. படைவீரரின் நலங்கருதி, 1864இல் சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைக்கப்பட்டன. இராணுவ மருத்துவர்கள் நிர்வாகிகளாயினர். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக விளங்கிய கர்னல் கிங் என்பவரின் பெயரையே, 1899இல் தோன்றிய கிண்டி நோய்த்தடுப்பு நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரத்தை மாகாண அமைச்சர்களின் பொறுப்பில் விட்டபின், 1920களின் தொடக்கத்தில் சென்னையில் பொது சுகாதாரத்திற்கெனத் தனித் துறை உருவாயிற்று. 1939இல் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே அவ்வகையில் முதற்சட்டம் அதுவே.

1946இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தது. சர் ஜோசப் போர் தலைமை தாங்கியதால் அக்குழு அப்பெயர் பெற்றது. நோய் தடுத்தலும் நோய் தீர்த்தலும் ஒருங்கிணைய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. நோக்கம் நன்றே. ஆயின், பல மாநிலங்கள் இரு துறைகளையும் ஒன்றாக்கியபோது, தடுப்புப் பணி சிகிச்சையின் நிழலில் மறைந்தது. வாழ்நாளெல்லாம் அறுவை சிகிச்சையில் கழித்த ஒருவர், பணிமூப்பு ஒன்றினாலேயே ஒரு மாவட்டத்தின் கொசு ஒழிப்புக்கும் குடிநீர்த் தூய்மைக்கும் தலைவரானார். தமிழகம் தன் தனித்துறையைக் கைவிடவில்லை.

இதன் பொருளை நம் நெல்லைச் சீமையிலேயே காணலாம். 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் முதல்வர், பேராசிரியராய் உயர்ந்து நிர்வாகியானவர். அரசு மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், சிகிச்சையில் பல்லாண்டு கழித்துப் பொறுப்பேற்பவர். ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்தும் மாவட்ட சுகாதார அலுவலரோ, பொது சுகாதாரத்தைத் தனியே கற்று அவ்வழியைத் தெரிந்துகொண்டவர். முன்னிருவருக்கும் நிர்வாகம் பணிவாழ்வின் பிற்பகுதியில் வந்து சேர்கிறது. இவருக்கோ அதுவே தொழில்.

இராதாபுரம் போன்ற வட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் மழை குறைந்த பனங்காட்டு ஊர்கள். மறுபுறம் கடலோரக் கிராமங்கள். சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. அதன் மருத்துவ அலுவலர் காலையில் வயிற்றுப்போக்குடன் வரும் குழந்தைக்குச் சிகிச்சை தருகிறார். பிற்பகலில், அக்குழந்தையின் ஊர்க் குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலக்கப்பட்டதா என்று கேட்கிறார். முதற்செயலைக் கண்டு கைகூப்புகிறோம். இரண்டாவதை அலுவலகத் தொல்லை என்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே மருத்துவமே.

நிர்வாகம் அனைத்தையும் மருத்துவரே சுமக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 1994இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலை ஒரே இடத்தில் திரட்டியது. மாத்திரை வாங்குவதற்கு மருத்துவப் பட்டத்தோடு கொள்முதல் அறிவும் வேண்டும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால், பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், அது ஏன் நிகழ்ந்தது என்று ஆராயும் கூட்டம் நடைபெறுகிறதல்லவா? அங்கே கணக்கர் ஓர் எண்ணைக் காண்பார். மருத்துவரோ, இரத்தம் எந்த நேரத்தில் தேவைப்பட்டது, எந்த நேரத்தில் வந்தது என்று கேட்பார். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் கோப்பின் முன் அமர்ந்திருந்தாலும் மருத்துவரே. அதைக் கேட்க மறந்தவர், மருத்துவர் பட்டத்தைக் கழுத்தில் அணிந்திருந்தாலும் வெறும் அலுவலரே.

இவ்வழியில் இழப்பும் உண்டு. பழகாத கைத்திறன் மங்கும். குணமடைந்தவரின் நன்றிக் கண்ணீர் கிட்டாது. வந்த காலராவைத் தீர்த்தவரை ஊர் போற்றும். வராமல் தடுத்தவரை எவரும் அறியார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் தமிழகத்தின் முகாம்களில் பெருங்கொள்ளை நோய் எதுவும் மூளவில்லை. குளோரினும் தடுப்பூசியும் அன்றாடக் கண்காணிப்புமாய் உழைத்தோரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

தொடக்கத் திருச்சபையில் பந்தி விசாரிக்க எழுவரைத் தெரிந்தபோது, திருத்தூதர்கள் வேறு வேலையில்லாதவர்களைத் தேடவில்லை. நற்சான்றும் ஞானமும் உள்ளவர்களைத் தேடி, அவர்கள்மேல் கைகளை வைத்தனர். நிர்வாகமும் ஓர் அழைத்தல், அதற்கும் தகுதியும் பயிற்சியும் வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்? தமிழகம் நூறாண்டாகப் பேணும் இவ்வழியைப் பிற மாநிலங்களும் மேற்கொள்ளுமாறு நடுவண் அரசு 2022இல் வழிகாட்டுநெறி வெளியிட்டது.

பொதுநிலையினராகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. கிராமசபை கூடும்போது, ஊசி போட டாக்டர் வருவாரா என்று கேட்பதோடு நில்லாது, தொட்டியைக் கழுவிய நாள் எது என்றும் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கும் ஊரில், கோப்பு பிடித்த மருத்துவர் தம்மை யாரென்று ஐயுறமாட்டார்.