பினாங்குக் கத்தோலிக்கப் பள்ளிகளும் விளையாட்டுத் திடலும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மலேசியத் தமிழர் கல்வி வரலாறு என்றவுடன் ஆய்வாளரின் கவனம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின்பால் செல்வது இயல்பே. ஆயினும் நகரங்களில் சமயச் சபையினர் நடத்திய ஆங்கிலப் பள்ளிகளிலும் தமிழ்ச் சிறுவர் சிறுமியர் பயின்றனர். எழுத்தர், மருத்துவ உதவியாளர், இரயில்வே ஊழியர் முதலியோரின் பிள்ளைகள் இவர்களுள் பலர். அப்பள்ளிகளின் பாடத்திட்டமும் தேர்ச்சியும் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. மாலை மூன்று மணிக்குமேல் அப்பிள்ளைகள் எங்கே ஓடினர், யாருடன் விளையாடினர் என்பது எழுதப்படவில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரே ஆண்டில் வேரூன்றிய இரு கத்தோலிக்கப் பள்ளிகளை முன்வைத்து இதனை ஈண்டு நோக்குகிறோம்.

பினாங்கில் கத்தோலிக்கச் சமூகத்தின் தொடக்கம் 1786ஆம் ஆண்டு, அதாவது பிரான்சிஸ் லைட் தீவில் காலூன்றிய அதே ஆண்டு. தந்தை கார்னோவுடன் கெடாவிலிருந்து வந்து சேர்ந்த யுரேசியக் குடும்பங்களே அச்சமூகத்தின் முதல் உறுப்பினர். தேவாலயத்தை ஒட்டிப் பங்குத் தந்தையர் நடத்திய சிறிய இலவசப் பள்ளி, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் மறைக்கல்வியும் புகட்டியதோடு நின்றது. அது விரிவடைய வேண்டுமாயின் ஆசிரியப் பணியையே வாழ்வாகக் கொண்டவர் தேவைப்பட்டனர். சிங்கப்பூரில் பணியாற்றிய தந்தை பியூரல் பிரான்சுக்குச் சென்று இதற்கென முயன்றதன் பயனாக, 1852இல் லசால் சபை அருட்சகோதரர்களும் குழந்தை இயேசு சபை அருட்சகோதரிகளும் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தனர். சகோதரர்கள் பினாங்கில் ஏற்று நடத்தியது புனித சேவியர் பள்ளி. சகோதரிகள் தொடங்கியது பிற்காலத்தில் லைட் ஸ்திரீட் கான்வென்ட் எனப் பெயர் பெற்றது.

இவ்விரு சபைகளும் தொடர்பற்றவை அல்ல. குழந்தை இயேசு சபையின் மூலவரான நிக்கோலா பாரே, ஏழைப் பிள்ளைகளின் கல்வி குறித்து லசால் சபை நிறுவனர் ஜான் பாப்டிஸ்ட் டி லா சாலுக்கு 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஆலோசனை கூறியவர். பள்ளிக்குப் பெயர் தந்த புனித பிரான்சிஸ் சேவியரோ தமிழர்க்கு அயலவர் அல்லர். 1542இல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியைத் தொடங்கி, 1545இல் மலாக்காவுக்கு வந்து, 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் மறைந்தவர் அவர். சகோதரர்கள் பினாங்கு வந்தது அவர் மறைந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து. பினாங்குச் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த தேவாலயமும் அவர் பெயரையே தாங்கியது. மகன் படித்த பள்ளிக்கும் தாய் செபித்த ஆலயத்துக்கும் ஒரே பாதுகாவலர்.

இப்பள்ளிகள் தொடக்கத்தில் தனியாருடையவை. நிலமும் கட்டடமும் சபைக்குச் சொந்தம். அரசு மானியம் துணை. கான்வென்ட் சகோதரிகள் 1859இல் பெற்ற நிலத்தில், லைட்டின் காலத்தைச் சேர்ந்த பழைய அரசு மாளிகையும் அடங்கும். கடலோரத்தில் அமைந்த அவ்வளாகம் நகர நடுவில் கிடைத்தற்கரியது. ஃபார்குவார் சாலைப் பக்கம் அமைந்த சேவியர் பள்ளியோ தேவாலயத்துக்கும் குறுகிய சந்துகளுக்கும் இடையே நெருங்கி நின்றது. 1816இல் தோன்றிய பினாங்கு ஃபிரீ ஸ்கூல் 1928இல் கிரீன் லேன் பகுதியின் விரிந்த வளாகத்திற்கு இடம்பெயர்ந்தபோது, நகர நடுவிலேயே தங்கிய பள்ளிகளுக்கும் அதற்குமான இடவேறுபாடு மேலும் கூடியது. இரு பள்ளிகளுக்கும் இடையே நிலவிய புகழ்பெற்ற விளையாட்டுப் போட்டி மனப்பான்மையை இப்பின்னணியில் வைத்தே காண வேண்டும். ஒரு பள்ளியின் விளையாட்டு வரலாறு கோப்பைகளின் வரலாறு மட்டுமன்று. அது நிலத்தின் வரலாறும் ஆகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் திடல் ஓர் அரசியல் இடமாகவும் இருந்தது. கோர்ன்வாலிஸ் கோட்டையை அடுத்த பாடாங் திடலில் கிரிக்கெட் ஆடியோர் தத்தம் மன்றங்களாகப் பிரிந்தே ஆடினர். ஐரோப்பியருக்கு ஒரு மன்றம், யுரேசியருக்கு மற்றொன்று. பள்ளித் திடலில் இப்பிரிவினையைக் கடைப்பிடிப்பது எளிதன்று. ஆங்கிலப் பள்ளி வழக்கப்படி மாணவர் இனத்தால் அன்றி இல்லங்களால் பிரிக்கப்பட்டனர். சீன மாணவனும் தமிழ் மாணவனும் ஒரே நிறச் சட்டையில் ஓடினர். இதனைக் கொண்டு சமயப் பள்ளிகளே இன ஒற்றுமையின் பிறப்பிடம் என்று கூறுவார் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லத் துணியவில்லை. சீனனும் தமிழனும் அங்கே சேர்ந்து ஆடியது உண்மை. ஆனால் நகரத்துத் தமிழ்ச் சிறுவனும் தோட்டத்துத் தமிழ்ச் சிறுவனும் அங்கே சேர்ந்து ஆடவில்லை என்பதும் உண்மை. கட்டணம் செலுத்தி ஆங்கிலம் கற்ற தமிழனுக்குக் கிரிக்கெட்டும் ஹாக்கியும் உரியவையாயின. தோட்டத்துச் சிறுவனுக்குக் காற்பந்தும் சடுகுடுவும் எஞ்சின. ஒரே இனத்தின் இரு வகுப்பாரிடையே நின்ற வேலிகளுள் திடலும் ஒன்று.

போர்க்காலம் இவ்வாழ்வைக் குலைத்தது. சேவியர் பள்ளியை ஜப்பானியக் கடற்படை கைப்பற்றிக்கொண்டது. 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அப்பள்ளி அழிந்தது. கான்வென்ட் வளாகத்தின் கதை வேறு. 1943 ஏப்ரலில் பினாங்குக் கடற்பரப்புக்கு அப்பால் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான கிரெனடியரின் 76 வீரர்கள் அங்கே சிறைவைக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாயினர். அவர்களுள் சிலர் வகுப்பறைச் சுவரில் கீறிய பெயர்கள் பின்னரும் பாதுகாக்கப்பட்டன. சிறுமியர் பாடம் படித்த அறை அது. போருக்குப்பின் சேவியர் பள்ளி இடிபாடுகளிலிருந்து மீண்டு 1954இல் புதிய கட்டடம் கண்டது.

பெண்களின் விளையாட்டு தனியே கருதத்தக்கது. அக்காலத் தமிழ்க் குடும்பங்களில் பருவமெய்திய பெண் வீதியில் ஓடுவதே கண்டிக்கப்பட்டது. மதிலுக்குள் அமைந்த, கன்னியர் கண்காணித்த பள்ளியில் ஓடுவதற்கு அத்தகைய தடை எழவில்லை. பெற்றோரைப் பொறுத்தவரை கான்வென்ட் மதில் பெண்ணை அடைத்துவைத்த மதில். பெண்ணைப் பொறுத்தவரை அதுவே அவளுக்கு ஓட இடம் கொடுத்த மதில். கட்டுப்பாடே உரிமைக்கு வழிவிட்ட இம்முரண் சமூகவியலார் ஆராயத்தக்கது.

இம்மரபின் அண்மைக்கால எடுத்துக்காட்டாக நிக்கோல் டேவிட் விளங்குகிறார். 1983இல் பினாங்கில் பிறந்த இவர், குழந்தை இயேசு சபைப் பள்ளிகளுள் ஒன்றான கிரீன் லேன் கான்வென்டில் பயின்றவர். 1999இல் 15 வயதில் உலக இளையோர் சுவர்ப்பந்து வெற்றியாளராகி, 2001இல் சொந்த ஊரான பினாங்கிலேயே அப்பட்டத்தை மீண்டும் வென்றார். 2005 முதல் 2014 வரை எட்டு முறை உலகப் பட்டம். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலகத் தரவரிசையில் முதலிடம். 2019இல் ஓய்வு பெற்றார். இவ்வெற்றியைக் கான்வென்டின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. சுவர்ப்பந்துக்கூடம் பள்ளிக்குள் இருப்பதன்று; அவர் ஆடிப் பழகிய கூடம் புக்கிட் டும்பாரில் உள்ளது. இந்திய வம்சாவளியினரான தந்தை தாமே விளையாட்டாளர். தமக்கையரும் சுவர்ப்பந்து ஆடியவர்கள். குடும்பம் விதைத்தது, அரசின் கூடம் வளர்த்தது. பெண் விளையாடுவதில் வியப்பொன்றும் இல்லை என்னும் சூழலைப் பள்ளி தந்தது. மூன்றில் இறுதியானதை அளக்க இயலாது என்பதால் அதனைச் சிறிதெனக் கருதுவது பொருந்தாது.

இனி நிலத்தின் செய்திக்கு மீள்வோம். 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் வந்தபின் சமயப் பள்ளிகள் பெரும்பாலும் முழு உதவியை ஏற்றுத் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. 1970இல் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பயிற்றுமொழி மலாய் ஆயிற்று. ஆசிரியருக்குச் சம்பளம் அரசுடையது, நிலமோ சபையுடையது. ஒரே பள்ளிக்கு இரு உரிமையாளர் அமைந்த இந்நிலை அரை நூற்றாண்டு ஓடியது. 2017இல் லைட் ஸ்திரீட் கான்வென்டைச் சகோதரிகள் திரும்பப் பெறவுள்ள செய்தி வெளியாயிற்று. 2018 முதல் அங்கே புதிய மாணவியரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1852இல் தொடங்கிய ஒரு தொடர்ச்சி இவ்வாறு அறுபடலாயிற்று.

லசால் சபையின் கெலாவாய் சாலைப் புனித சூசையப்பர் பயிற்சி இல்லமும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. சகோதரர்களாவதற்கு இளைஞர் பயின்ற அக்கட்டடத்தில் 1977 முதல் 2006 வரை அப்லண்ட்ஸ் என்னும் தனியார் பள்ளி இயங்கியது. தோட்ட அதிகாரிகளின் பிள்ளைகளுக்கென 1955இல் பினாங்குக் கொடிமலையில் தொடங்கப்பட்ட பள்ளி அது. பின்னர் அவ்விடம் 2013இல் திறக்கப்பட்ட கர்னி பாராகன் வணிக வளாகத்தின் பகுதியாயிற்று. கட்டடம் பாதுகாக்கப்பட்டது, அதில் இப்போது உணவகங்கள் உள்ளன. ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்டதுமுதல் பழஞ்சுவர்களுக்குக் காவல் உண்டு. சுவர்களின் நடுவே உள்ள புல்வெளிக்கு வரலாறு உண்டென்பதை அத்தனை பேர் எண்ணுவதில்லை.

தமிழாசிரியர்க்கு இதில் அயன்மை ஏதுமில்லை. நாட்டின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. பல தோட்ட நிறுவனங்களின் நிலத்தில் எழுந்தவை. தோட்டம் துண்டாடப்படும்போது முதலில் சுருங்குவது வகுப்பறையன்று, திடலே. நிலவுரிமைச் சிக்கலில் செல்வமும் செல்வாக்கும் உடைய கான்வென்டும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் ஒரே வரிசையில் நிற்பதைக் காண்கிறோம்.

இத்துறையில் ஆய்வு செய்ய விழைவோர்க்கு இடர் ஒன்றுண்டு. பள்ளி ஆண்டு மலர்களின் அணிப் பட்டியல்களில் தமிழரை இனங்காண்பது எளிதன்று. கத்தோலிக்கத் தமிழரின் பெயர்கள் அந்தோணி, டேவிட், பிரான்சிஸ் என அமைந்து சீனக் கத்தோலிக்கர், யுரேசியர் பெயர்களோடு கலந்துவிடுகின்றன. பரதவர் மரபில் வந்த பெர்னாண்டோவையும் ரொட்ரிகோவையும் போர்த்துக்கீசிய வழியினர் எனக் கணக்கிட்டுவிட வாய்ப்புண்டு. எனவே பட்டியலை மட்டும் நம்பாமல், அணியின் நிழற்படத்தையும் பினாங்குச் சாலைத் தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவுகளையும் ஒப்பிட்டு, அக்காலத்தில் ஆடிய முதியோரிடம் பெயர் பெயராகக் கேட்டறிதல் வேண்டும். அவர்களுள் இளையோரும் எழுபதைக் கடந்தவர்கள்.