இணைய நூலகமும் இலக்கிய மாணவரும்: மலைபடுகடாம் வழி ஓர் ஆய்வு

முன்னுரை

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனைப் பாடியது. செங்கண்மா என்பது திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கம் என்பர் அறிஞர். பரிசில் பெற்றோன் பெறாதவனுக்கு வழி கூறுவது ஆற்றுப்படையின் இயல்பு. இப்பாட்டில் வழி கூறும் கூத்தன், நன்னன் மலையின் வளத்தை மட்டும் எடுத்துரைத்து அமைந்தானல்லன். பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், கால் வழுக்கும் தடம், புனங்காப்போர் எறியும் கவண்கல் ஆகிய ஏதங்களையும் ஒவ்வொன்றாகச் சுட்டிச் செல்கின்றான்.

இன்று இலக்கிய மாணவரை இணைய நூலகங்களுக்கு ஆற்றுப்படுத்துவோர் பலர் வளத்தைக் கூறி ஏதத்தை விட்டுவிடுகின்றனர். மின்னெழுத்து வடிவம் என்பது ஏட்டுச் சுவடியும் அச்சு நூலும் வந்த நெறியில் வந்த மற்றுமொரு படியே ஆகும். ஆதலின், சுவடியை நோக்கிப் பதிப்பாசிரியர் எழுப்பிய வினாக்களை அதனை நோக்கியும் எழுப்புதல் வேண்டும் என்பதே யாம் இக்கட்டுரையில் நிறுவக் கருதுவது.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889-ஆம் ஆண்டு பதிப்பித்தார். குறிஞ்சிப்பாட்டில் மலர்ப்பெயர்கள் அடுக்கி வரும் பகுதியில், அவர்க்கு முதற்கண் கிடைத்த சுவடிகளில் சில அடிகள் காணப்படவில்லை. பிற சுவடிகளைத் தேடிச் சென்ற அவர், தருமபுரம் மடத்துச் சுவடியில் அவ்வடிகளைக் கண்டெடுத்தார். ஒரு படியை மட்டும் நம்பி அமைந்திருப்பின் அம்மலர்கள் நமக்குக் கிடைத்திரா. ஒரு படி மற்றொரு படியால் சோதிக்கப்படுதல் வேண்டும் என்னும் நெறி இங்குத் தெளிவாகின்றது. சுவடியின் இறுதியில் எழுதினோர் தம் பெயரும் எழுதி முடித்த நாளும் குறித்தல் பழைய வழக்கு. பாடத்தின் மரபை அறிய அக்குறிப்புகள் பெரிதும் துணைநின்றன.

அச்சிலிருந்து இணையத்துக்கு

நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி யாவர்க்கும் வழங்கும் முயற்சியை அமெரிக்க நாட்டின் இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆர்ட் 1971-இல் தொடங்கினார். குட்டன்பர்க் திட்டம் எனப் பெயர் பெற்ற அது, ஆங்கில இலக்கியம் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் பெருந்துணையாயிற்று. தமிழில் அத்தகைய முயற்சி 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப் பெற்ற மதுரைத் திட்டமாகும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது நூல்களைத் தட்டெழுதி உதவினர்.

அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறுபட்டது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணையம் மாநாடு இச்சிக்கலை ஆராய்ந்தது. பின்னர் ஒருங்குறி பரவியதால் இடர் பெரும்பாலும் நீங்கிற்று. ஆயினும் பழைய குறியேற்றத்திலிருந்து மாற்றும்பொழுது புதிய பிழைகள் புகுதல் கூடும். ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழைக்கு இதனை ஒப்பிடலாம்.

2001-இல் தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அந்நிறுவனத்தின் நூலகம் மூலத்தோடு உரைகளையும் தருகின்றது. 2017-இல் அது திறந்த மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களின் பக்கங்களையே படமாகக் காணலாம்.

திருவண்ணாமலை மாணவர்க்குரிய வளம்

முன்னாளில் திருவண்ணாமலையில் இருந்து ஆராய விரும்பிய மாணவர் அரிய நூலொன்றைக் காணச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ செல்ல வேண்டியிருந்தது. பொருள் வசதியற்றோர்க்கு அச்செலவே ஆராய்ச்சிக்குத் தடையாகும். இன்று நிலைமை வேறு. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோப் பல்கலைக்கழகம் தன் தளத்தில் யாவர்க்கும் திறந்து வைத்துள்ளது. பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் அங்கேயே உண்டு. இணைய ஆவணகம் முதலிய தளங்களில் பழைய நூல்களின் பக்கப்படங்கள் மிகப் பல கிடைக்கின்றன.

மாணிக்கவாசகர் திருவெம்பாவையைத் திருவண்ணாமலையில் அருளினார் என்பது மரபு. அப்பகுதியை உள்ளிட்ட திருவாசகம் முழுவதையும் சி. யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் ஆக்சுபோர்டில் வெளியிட்டார். மூலமும் பெயர்ப்பும் ஒருங்கே அமைந்த அந்நூல், தமிழ் மாணவரும் ஆங்கில மாணவரும் ஒருவரோடொருவர் அமர்ந்து பயிலத்தக்கது. அதனை இன்று தம் ஊரிலிருந்தே இருவரும் காணலாம்.

வழியின் ஏதங்கள்

இனி, ஏதங்களைக் கூறுவோம்.

முதலாவது, பதிப்பு அறியாமை. மதுரைத் திட்டத்தார் தட்டெழுதினோர் பெயரையும் பிழை திருத்தினோர் பெயரையும் நூல் முகப்பில் குறிக்கும் நல்வழக்கம் உடையர். சுவடியின் இறுதிக் குறிப்பு மீண்டும் உயிர்பெற்றதென இதனைக் கொள்ளலாம். ஆயினும் தொடக்கத்தில் வெளிவந்தவற்றுட் சிலவற்றில் எந்த அச்சுப் பதிப்பைத் தழுவியது என்னும் செய்தி இல்லை. அதனைப் படியெடுத்த பிற தளங்களோ அப்பெயர்க் குறிப்பையும் நீக்கிவிடுகின்றன. தாய்ப்படி அறியாத பாடம் ஆராய்ச்சிக்குச் சான்றாகாது.

இரண்டாவது, தேடலின் குறை. மலைபடுகடாம் எனப் பெயர் அமையக் காரணமான தொடர் அப்பாட்டின் 348-ஆம் அடியில் உள்ளது. அங்குச் சொல் 'கடாஅம்' என அளபெடுத்து நிற்கின்றது. 'கடாம்' என இட்டுத் தேடும் மாணவர்க்குப் பொறி அதனைக் காட்டாது. அவர் அச்சொல் நூலுள் இல்லையென முடிவு கட்டிவிடக்கூடும். புணர்ச்சியாலும் சீர்பிரிப்பாலும் உருமாறும் சொற்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். பொறி காட்டாமை இன்மைக்குச் சான்றன்று.

மூன்றாவது, உரையையும் பாடவேறுபாட்டையும் இழத்தல். நச்சினார்க்கினியர் சேய்மையிலுள்ள அடிகளை மாட்டாக இணைத்துப் பொருள் காண்பவர். அவர் கொள்கையை ஏற்பினும் மறுப்பினும் பாட்டு முழுவதையும் உளங்கொண்டாலன்றி ஆராய இயலாது. தேடிப் பெற்ற ஓரடியை மட்டும் எடுத்தாளும் பழக்கம் அப்பயிற்சியை அறவே நீக்கிவிடும். அடிக்குறிப்பில் பதிப்பாசிரியர் தரும் பாடவேறுபாடுகளும் மூலம் மட்டுமுள்ள மின்வடிவில் மறைந்துபோகின்றன.

கைக்கொள்ளத்தக்க நெறி

மின்வடிவைத் தேடுதற்கும் பக்கப்படத்தை மேற்கோளுக்கும் பயன்படுத்துதல் முதல் நெறி. சொல்லொன்றை அளபெடை, புணர்ச்சி, பிரிப்பு ஆகிய எல்லா வடிவங்களிலும் தேடுதல் இரண்டாம் நெறி. பதிப்பாசிரியர் பெயர், பதிப்பாண்டு, தளத்தைக் கண்ட நாள் ஆகியவற்றை ஆய்வேட்டில் குறித்தல் மூன்றாம் நெறி. தளங்கள் மறைவதும் உண்டு. பலர் தம் பக்கங்களை இட்டு வைத்திருந்த ஜியோசிட்டீசு தளத்தை யாகூ நிறுவனம் 2009-இல் மூடியதை நினைவிற் கொள்ளல் வேண்டும். கறையான் அரிப்பது ஏட்டை மட்டுமன்று.

முடிவுரை

ஊரின் சேய்மையால் கல்வி தடைப்படும் நிலையை இணைய நூலகம் பெரிதும் மாற்றியுள்ளது. ஊதியமின்றி உழைத்தோர்க்குத் தமிழுலகம் கடப்பாடுடையது. அக்கடனைத் தீர்க்கும் வழியும் மாணவர் கையிலேயே உள்ளது. செங்கம், திருவண்ணாமலைப் பகுதி மாணவர் தம் மண்ணைப் பாடிய மலைபடுகடாத்தின் மின்வடிவை 1889-ஆம் ஆண்டுப் பதிப்போடு அடியடியாக ஒப்பிட்டுப் பிழை திருத்தி வழங்குவாராயின், பெற்றோர் பெறாதோர்க்கு வழிகாட்டும் ஆற்றுப்படை மரபு இணையத்திலும் நிலைபெறும்.