மல்டிகோர் போர்டில் கோடிங் தொடங்குவது எப்படி? ப்ராஜெக்ட் பண்ணும் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் ஆற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்பே பம்புசெட்டை நம்பி குறுவை நடும் விவசாயிகள் உண்டு. மூன்று பேஸில் ஒன்று போனாலோ, போரில் தண்ணீர் இறங்கினாலோ, கவனிக்காமல் விட்டால் மோட்டார் காயில் எரிந்துவிடும். 'செல்போன்லயே மோட்டாரை கண்காணிக்கலாம்' என்று ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தொடங்கும் மாணவர்கள் முதலில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? வாங்க பார்க்கலாம்.

மல்டிகோர் போர்டு என்றால் என்ன?

ஆர்டுயினோ யூனோவில் ஒரே ஒரு கோர்தான். நீங்கள் எழுதும் ஒரு புரோகிராம் மட்டுமே அதில் ஓடும். ராஸ்பெரி பை 4-ல் 4 கோர்கள் உண்டு. அதில் லினக்ஸ் ஓடும். கேமரா, வைஃபை, டேட்டாபேஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

எஸ்.டி.எம்.32.எம்.பி.157 சிப்பில் இரண்டு வகை கோர்கள் உள்ளன. லினக்ஸுக்கு 2 கார்டெக்ஸ் ஏ7, கன்ட்ரோல் வேலைக்கு ஒரு கார்டெக்ஸ் எம்4. பீகிள்பிளே போர்டிலும் இதே கதைதான்: 4 பெரிய கோர், கூடவே ஒரு எம்4.

எந்த வேலை யாருக்கு?

லினக்ஸ் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கும். அதனால் உங்கள் வேலை சில சமயம் வரிசையில் காத்திருக்கும். மெசேஜ் அரை நொடி லேட்டாகப் போனால் நஷ்டமில்லை. மோட்டாரை நிறுத்தும் உத்தரவு அப்படிக் காத்திருக்கக் கூடாது. எனவே கரன்ட் அளப்பது, ரிலேவை அணைப்பது சின்ன கோருக்கு. செல்போன் ஆப், பதிவுகள் லினக்ஸுக்கு. இதை முடிவு செய்த பிறகுதான் கோடிங்!

எப்படித் தொடங்குவது?

1. போர்டு வாங்கும் முன் லேப்டாப்பில் 'கெமு' மென்பொருளில் லினக்ஸ் பழகலாம். இது இலவசம்.

2. போர்டு வந்ததும் தயாரிப்பாளர் தரும் ரெடிமேட் லினக்ஸை எஸ்டி கார்டில் ஏற்றி பூட் செய்யுங்கள்.

3. யுஎஸ்பி சீரியல் கேபிள் அவசியம். திரையில் ஒன்றுமே வராதபோது, எங்கே நின்றது என்று காட்டுவது அதுதான். 3.3 வோல்ட் போர்டில் 5 வோல்ட் சிக்னல் கேபிளை மாட்டினால் சிப் போய்விடும், உஷார்!

4. எம்4-க்கான புரோகிராமை தனியாக கம்பைல் செய்து, லினக்ஸின் 'ரிமோட்பிராக்' மூலம் ஓடவிடலாம். இரு கோர்களும் பேசிக்கொள்ள 'ஆர்பிமெசேஜ்' இருக்கிறது.

5. யாக்டோ, பில்ட்ரூட் போன்றவற்றில் சொந்த லினக்ஸ் உருவாக்குவதை கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு

ஒரே டைமரையோ பின்னையோ இரண்டு பக்கமும் பயன்படுத்துவதுதான். எம்4-க்குக் கொடுத்ததை லினக்ஸின் 'டிவைஸ் ட்ரீ' ஃபைலில் அணைத்துவிட வேண்டும்.

முதலில் எல்இடி பல்பை வைத்தே சோதியுங்கள். நிஜ மோட்டாருக்குப் போகும்போது எலக்ட்ரீஷியன் கூட இருக்கட்டும். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோட் ரிலேவை மட்டும் கழற்றவே கழற்றாதீங்க.

இந்திய சிப்கள் உண்டா?

உண்டு. சென்னை ஐஐடியின் 'சக்தி' ப்ராசஸர்கள் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்பில் உருவானவை. 2025 டிசம்பரில் சி-டாக்கின் 'துருவ்64' அறிவிக்கப்பட்டது. அது 1 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட 64 பிட் டூயல் கோர் ப்ராசஸர். சிப் மாறினாலும், வேலையைப் பிரிக்கும் இந்தப் பழக்கம் எங்கேயும் கைகொடுக்கும்.