கலப்புப் பயிற்சி (அளவெட்டி மேளக் குழுக்கள்)

வகுப்பறைப் பாடம், வேலையிடப் பழக்கம், மூத்தவரின் நேரடி வழிகாட்டல், இணையவழிக் கற்றல் ஆகியவற்றை ஒன்றிணைத்து ஊழியரை உருவாக்கும் முறை கலப்புப் பயிற்சி. நிறுவனங்கள் இதைப் புதியதாகக் கருதினாலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் அளவெட்டியில் நாதசுர, தவில் கலைஞர் தொழில் பழகியது பெரிதும் இதே வழியில்தான். நாதசுர மேதை என். கே. பத்மநாதன் இவ்வூரவர். இணுவிலில் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாழ்ந்ததும் இங்கேதான்.

தவில் பழகுபவர் முதலில் தாள ஒலிச்சொற்களான சொற்கட்டுகளை வாயால் சொல்லிக் கைத்தாளத்தில் நிறுத்துவார். அதன் பின்னரே இடக்கையில் கம்பும் வலக்கை விரல்களில் கூடுகளும் ஏறும். நாதசுரம் பழகுபவர் ஊதும் நாக்கான சீவாளியைப் பதப்படுத்தவும் கற்க வேண்டும். அது நனைந்து இளகாவிட்டால் சுருதி சேராது. வீட்டுச் சாதகம் இவ்வளவைத் தரும். சுவாமி வீதிவலம் வரும் வேகத்துக்கேற்ப, மல்லாரி என்னும் புறப்பாட்டு இசையை நீட்டுவதும் சுருக்குவதும் திருவிழாவில், குழுவோடு நடந்து வாசித்தால் மட்டுமே பிடிபடும். இந்தப் பகுதியே முறையின் உயிர்நாடி; எந்த வகுப்பறையும் இதற்கு ஈடாகாது. தமிழகத்து வித்துவான்களோடு சேர்ந்து வாசித்துத் தேர்ந்தவர்களும் உண்டு.

பின்னாளில் மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகம் குடாநாட்டில் முறைசார் இசைக் கல்வியை வழங்கியது. இலங்கையின் ஏழு மட்டத் தேசியத் தொழிற் தகைமை முறையோ, சான்றிதழின்றி வேலையில் பழகிய திறனையும் மதிப்பிட்டு ஏற்கிறது.