பாதீடு: இணைய விளையாட்டுக் குழுக்கள் பொருள் பகிர்ந்த வரலாறு

பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வந்த வீரர் அதனைத் தம்முள் பகிர்ந்துகொள்ளும் செயலைத் தொல்காப்பியம் வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்துப் 'பாதீடு' என்று பெயரிட்டது. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, அவரவர் செய்த வினையை அறிந்து கொடுத்தலே அத்துறையின் இயல்பு என விளக்கியது. இலங்கைத் தமிழர் இன்று அரசின் வரவுசெலவுத் திட்டத்தைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கின்றனர். கவர்தலினும் கவர்ந்ததைப் பகிர்தல் அரிது என்பதைப் பழையோர் உணர்ந்திருந்தனர் போலும். இல்லையேல் அதற்கெனத் தனியே ஒரு துறை வகுத்திருக்க வேண்டியதில்லை.

கடற்கொள்ளையரும் இதனை உணர்ந்தே இருந்தனர். கரீபியக் கடலில் திரிந்த கொள்ளையரோடு வாழ்ந்து, அவர்தம் வழக்கங்களை 1678இல் டச்சு மொழியில் நூலாக வெளியிட்ட எக்ஸ்குவெமெலின், போரில் வலக்கை இழந்தவனுக்கு 600 வெள்ளிக்காசும் கண்ணொன்று இழந்தவனுக்கு 100 காசும் முதற்கண் ஒதுக்கப்பட்ட செய்தியைக் குறித்துள்ளார். பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்பானின் கப்பலில் தலைவனுக்கு இரண்டு பங்கு, பீரங்கி வீரர் தலைவனுக்கு ஒன்றரைப் பங்கு என்று விதியிருந்ததாக 1724இல் வெளிவந்த நூலொன்று கூறுகின்றது. எனினும் அவர்கள் பகிர்ந்தது பெரும்பாலும் வெள்ளியும் சரக்கும் ஆகும். வெள்ளியை நிறுக்கலாம், சரக்கை விற்றுப் பணமாக்கலாம். நிறுக்கவும் விற்கவும் இயலாத ஒரு பொருளை நாற்பது பேர் கூடி ஈட்டினால் யாது செய்வது? இவ்வினா 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணினித் திரையில் எழுந்தது.

1999ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எவர்குவெஸ்ட் என்னும் இணைய விளையாட்டு அமெரிக்காவில் வெளியாயிற்று. ஒருவரையொருவர் நேரில் கண்டிராத ஆயிரக்கணக்கானோர் நோராத் என்னும் கற்பனை உலகினுள் ஒரே வேளையில் நுழைந்து, வீரராகவும் மந்திரவாதியராகவும் மருத்துவராகவும் உலவினர். அவ்வுலகில் வாழ்ந்த வாக்ஸ், நாகஃபென் என்னும் இரு டிராகன்களைத் தனியொருவர் வெல்ல இயலாது. பலர் திரண்டு, பணிகளைப் பிரித்துக்கொண்டு, மணிக்கணக்கில் பொருதாக வேண்டும். இதன்பொருட்டே கில்டு என்னும் நிலையான குழுக்கள் வலுப்பெற்றன. டிராகன் வீழ்ந்ததும் அதனிடம் கிடைப்பன ஒரு வாளோ கவசமோ ஆகிய ஒரு சில பொருள்களே. மீண்டும் அது தோன்ற நாள்கள் பல ஆகும்.

இத்தகைய விளையாட்டுகளில் அரிய பொருள்கள் பல, எடுத்தவரோடு பிணைந்துவிடும் தன்மையின. பின்னர் அவற்றை விற்கவோ பிறர்க்கு வழங்கவோ இயலாது. ஆகவே 'இம்மாதம் நீ வைத்திரு, அடுத்த மாதம் நான் வைத்திருக்கிறேன்' என்னும் எளிய உடன்பாட்டிற்கும் இடமில்லாது போயிற்று. ஒருமுறை செய்த பிழை திருந்தாது நின்றுவிடும். பங்கீட்டால் விளைந்த மனக்கசப்புகளுக்கு இத்தன்மையே வேர் எனலாம்.

தொடக்கத்தில் கைக்கொள்ளப்பட்ட வழி பகடை. வேண்டுவோர் எண்ணை உருட்டுவர். உயர்ந்த எண் பெற்றவர் எடுத்துச் செல்வார். தேவையுடையார்க்கே முதலுரிமை, விற்கும் ஆசையுடையார்க்கு அடுத்த உரிமை என்னும் ஒழுங்கும் உடன் சேர்ந்தது. ஐவர் கூடி ஒரு மாலை ஆடிப் பிரிவதற்கு இதுவே போதும். ஆனால் ஆறு திங்கள் தவறாது வந்தவரும் அன்றுதான் முதன்முறை வந்தவரும் பகடையின் முன் ஒரே நிலையினர். பகடைக்கு நினைவாற்றல் இல்லை.

அந்நினைவாற்றலை உண்டாக்கிய முறையே 'டிராகன் கில் பாயிண்ட்ஸ்'. ஆஃப்டர்லைஃப் என்னும் கில்டினைச் சார்ந்த, தாட் என்னும் புனைபெயருடைய ஆட்டக்காரர் 1999இல் எவர்குவெஸ்டிற்காக இதனை வகுத்தார் என்பர். மேலே கூறிய இரு டிராகன்களே இப்பெயருக்குக் காரணம். போருக்கு வந்தவர்க்கெல்லாம் புள்ளி வழங்கப்படும். பொருளைப் பெறுவோர் அதன் விலையைப் புள்ளியாகக் கொடுப்பர். பள்ளியின் வருகைப் பதிவேடும் கடையின் பேரேடும் ஒன்றானது போன்ற அமைப்பு இது. இப்புள்ளிகளை விளையாட்டை நடத்திய நிறுவனம் அறியாது. கில்டுகளே தம் இணையப் பக்கங்களில் கணக்கெழுதிக் காத்தன. எனவே புள்ளி என்பது குழுவின் வாக்குறுதியேயன்றிப் பிறிதில்லை. குழு கலைந்தால், ஓராண்டு உழைத்துச் சேர்த்தவையும் அன்றே வெறும் எண்களாகிவிடும்.

2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. அதன் முதற்பெரும் போர்க்களமாகிய மோல்ட்டன் கோரில் நாற்பதின்மர் ஒருங்கே நுழைவர். ஒரு பகைத்தலைவன் வீழ்ந்தால் கிடைக்கும் பொருள்களையோ ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். நாற்பது பேருக்கும் கவசம் நிறைவுற மாதங்கள் பல தேவைப்பட்டன. அம்மாதங்களில் புள்ளிமுறையின் குறைகளும் வெளிப்பட்டன. ஒவ்வொரு வெற்றியும் புதிய புள்ளிகளைப் பிறப்பிக்க, வாங்கத்தக்க பொருளோ பெருகவில்லை. நாட்டில் பணம் மிகுந்து பண்டம் குறைந்தால் விளையும் பணவீக்கமே இங்கும் விளைந்தது. மூத்தோர் சிறு பொருள்களை வாங்காது புள்ளிகளைப் பதுக்கி வைத்தனர். புதியவர் எத்துணை உழைப்பினும் அவர்களை எட்ட இயலவில்லை. ஏலமுறை மேற்கொண்ட குழுக்களிலோ, ஒரே வகை வீரர் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒருவர் கேட்கும் பொருளை மற்றவர் கேளாது விட்டு, குறைந்த விலையில் அடைந்தனர்.

வீக்கத்தைத் தடுக்கச் 'சுழிக்கூட்டு' முறை எழுந்தது. ஒரு வாளின் விலை 80 புள்ளி எனக் கொள்க. அதனைப் பெற்றவர் 80 புள்ளி இழப்பார். அப்புள்ளிகள் களத்திலிருந்த நாற்பதின்மர்க்கும் இவ்விரண்டாகப் பிரித்தளிக்கப்படும். பெற்றவர்க்கும் இரண்டு உண்டாதலால் அவர் கணக்கில் 78 குறையும். ஏனைய 39 பேருக்கும் சேர்த்து 78 கூடும். எக்காலத்தும் குழுவின் மொத்தப் புள்ளி சுழியே. கணக்கு அழகியதே, ஆயினும் அழகிய கணக்கெல்லாம் நேர்மையான கணக்கு ஆகிவிடாது. புதிய பகைவனை எதிர்த்து நான்கு மணி நேரம் பொருது மீண்டும் மீண்டும் தோற்ற இரவில், பொருள் கிடைக்காமையால் ஒருவர்க்கும் ஒரு புள்ளியும் கிட்டாது. பழகிய பகைவனை எளிதில் வென்ற இரவிலோ புள்ளி குவியும். அரிய உழைப்பிற்கு ஊதியமின்மையும் எளிய உழைப்பிற்கு மிகுதியும் ஆகிய இம்முரணைப் பலர் வெறுத்தனர்.

கணக்கையே விரும்பாதார் 'சூசைட் கிங்ஸ்' என்னும் பட்டியல் முறையை நாடினர். பெயர்கள் மேலிருந்து கீழாக வரிசைப்படும். விரும்புவோருள் மேலே உள்ளவர் பொருளைப் பெற்று வரிசையின் அடிக்கு இறங்குவார். எளிய முறைதான், எனினும் சிறு மோதிரம் பெற்றவரும் பெருவாள் பெற்றவரும் ஒரே அடிக்கு இறங்க நேர்ந்தது.

இவற்றுள் நுட்பம் மிகுந்தது ஈ.பி.ஜி.பி. என்னும் முறையாகும். உழைப்பிற்கு ஓர் எண், பெற்ற பொருளுக்கு ஓர் எண். முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் ஈவே ஒருவரின் முன்னுரிமை. உழைப்பு 600, பெற்றது 200 உடையவரின் ஈவு 3. உழைப்பு 900 ஆயினும் பெற்றது 450 உடையவரின் ஈவு 2. ஆகவே முன்னவரே முதலில் பெறுவார். 100 மதிப்புள்ள பொருளைப் பெற்றதும் அவர் ஈவும் 2 ஆகிவிடும். இதனோடு, குறித்த காலத்திற்கொரு முறை இரு எண்களையும் ஒரே விழுக்காடு குறைப்பர். இரண்டும் ஒருங்கே குறைவதால் அன்றைய ஈவு மாறுவதில்லை. ஆனால் அதன்பின் செய்யும் உழைப்பிற்குப் பழைய உழைப்பைக் காட்டிலும் எடை கூடும். மூத்தோரின் உரிமையைப் பறிக்காமலே புதியோர்க்கு வழிவிடும் இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது. வகுத்தற் கணக்கிற்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்க்கும் இது பயன்படக்கூடும்.

எண்களை முற்றும் ஒதுக்கிய குழுக்களும் உண்டு. அவற்றில் தலைவரும் துணைவரும் அடங்கிய மன்றம், எவரிடம் அப்பொருள் இருந்தால் குழு விரைந்து முன்னேறும் என்று ஆராய்ந்து வழங்கியது. வினையறிந்து கொடுக்கும் பழம்பாதீட்டிற்கு இதுவே நெருங்கியது. தகுதி வாய்ந்தோர் நடத்தியபோது இதனினும் விரைவாகக் குழுவை உயர்த்திய முறை பிறிதில்லை. ஆயின் மன்றத்தார் தம் நண்பர்க்கே வழங்குகின்றனர் என்னும் ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால் எந்த விளக்கமும் எடுபடாது. பேரேட்டைப் புரட்டிக் காட்டலாம். மனத்தைப் புரட்டிக் காட்ட இயலுமோ?

அறிஞர் உலகமும் இதனைக் கவனியாது விடவில்லை. நோராத்தின் சந்தையை 2001இல் ஆராய்ந்து எழுதிய பொருளியலறிஞர் எட்வர்டு காஸ்ட்ரோனோவா, பின்னர் சட்ட அறிஞர் ஜோஷுவா ஃபேர்ஃபீல்டுடன் இணைந்து இப்புள்ளிமுறை பற்றியும் எழுதினார். 2009இல் மார்க் சில்வர்மேனும் பார்ட் சைமனும் வேறொரு கோணத்தில் நோக்கினர்: புள்ளி பொருளைப் பகிர்வதோடு நில்லாது, ஆடுவோரை ஒழுங்குக்குள் அடக்கும் கருவியாகவும் இயங்குகின்றது என்பது அவர்தம் ஆய்வின் போக்கு. குறித்த நேரத்தில் வந்தால் புள்ளி, வாராதிருந்தால் இழப்பு என்று ஆனபின், பொழுதுபோக்கிற்கு வந்தவர் ஏறத்தாழ வேலைக்கு வந்தவராகிவிட்டார்.

நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. 2007இல் பெரும்போரின் ஆள்தொகை 40இலிருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டது. 2012இல், முன்பின் அறியாதார் கூடும் களங்களில் ஒவ்வொருவர்க்கும் கணினியே தனித்தனியே பொருள் வழங்கும் ஏற்பாடு வந்தது. 2018இல் வார்கிராஃப்டின் புதிய பகுதி வெளியானபோது அதுவே எங்கும் விதியாயிற்று. குழுத்தலைவர் பகிர்ந்தளிக்கும் உரிமை நீக்கப்பட்டது. சண்டை குறைந்தது உண்மையே. ஆயினும் தாமே கூடித் தாமே வகுத்த நீதி தம் கையைவிட்டுப் போயிற்றென்று பழைய கில்டுகள் வருந்தின. 2022இன் இறுதியில் பெருங்களங்களில் பொதுப் பங்கீடு மீண்டும் இடம்பெற்றது.

இதனிடையே விளையாட்டின் பழைய வடிவம் 2019இல் மறுவெளியீடு கண்டது. அங்கே ஜி.டி.கே.பி. என்னும் ஏலமுறை ஓங்கியது. பொருளை விளையாட்டுப் பொன்னுக்கு ஏலமிட்டு, சேர்ந்த பொன்னை வந்திருந்தோர் அனைவரும் சமமாகப் பகிர்வர். பொருள் கிட்டாதவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அவ்வகையில் இது கடற்கொள்ளையரின் வெள்ளிப் பங்கீட்டிற்கே மீண்டது எனலாம். ஆனால் அப்பொன்னை மெய்யான பணம் கொடுத்துக் கள்ளச்சந்தையில் வாங்கி வந்தோர் ஏலத்தில் உழைப்பாளியை எளிதில் வென்றனர். 2024இல் அவ்விளையாட்டின் ஒரு பிரிவில் நிறுவனம் இம்முறையைத் தடை செய்தது. அதன்பின் அங்கே குழுக்கள் பல வேறு வழிகளை நாடின. அவற்றுள் ஒன்றில், களம் புகுமுன் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் பொருளின் பெயரை எழுதி வைப்பர். அப்பொருள் கிடைப்பின் அதனை எழுதினோர் மட்டும் பகடை உருட்டுவர்.