வெண்ணெய் உருகிய ஈசல் சோறு: கொங்கு வட்டாரத்தை முன்வைத்து ஒரு பார்வை

திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். சூடான சோற்றின் மேல் வெண்ணெய் உருகும் காட்சி அகநானூற்றின் 394ஆம் பாடலிலும் வருகிறது. அந்தச் சோறு வரகரிசி, ஆட்டுத் தயிர், மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பிய ஈசல் ஆகியவற்றைச் சேர்த்துப் புளிப்பாக ஆக்கியது. தலைவனோடு வரும் ஆட்களுக்குத் தோழி சொல்லும் விருந்து அது. புறநானூறு 119இல் கபிலரும், பாரியின் பறம்பு நாட்டு வளத்தைச் சொல்லும்போது மோரில் புளித்த ஈசலையும் தினையையும் சேர்த்தே நினைக்கிறார். இரண்டு பாட்டிலும் ஈசல் பஞ்சத்துக்குத் தின்ற பண்டமாக வரவில்லை. மழை பெய்து நாடு செழித்ததன் அடையாளமாகவே வருகிறது.

அந்தச் சுவை பாட்டோடு முடிந்துவிடவில்லை. மழை விட்ட அந்தியில் புற்றருகே விளக்கு வைத்து, வந்து விழுவதை அள்ளி, முறத்தில் புடைத்து இறகு நீக்கி, வெறும் சட்டியில் வறுப்பார்கள். ஈசலில் கொழுப்பு மிகுதி என்பதால் எண்ணெய் தேவைப்படாது. பொரியும் பொட்டுக்கடலையும் கலந்தால் தின்பண்டம் தயார். இருளர் போன்ற பழங்குடிகளும் சிற்றூர் உழவர்களும் இதை அண்மைக்காலம் வரை விட்டுவிடவில்லை.

பிறகு ஏன் விலகியது? அருவருப்பு என்பது பாதிப் பதில்தான். இறாலையும் நண்டையும் விரும்பித் தின்கிற நாக்குக்கு ஆறு கால் மட்டும் உறுத்துவதற்குச் சுவைக் காரணம் இல்லை. (இறால் ஒவ்வாதவருக்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம்; அவ்வளவு நெருங்கிய உறவு.) டிராக்டர் உழவில் புற்றுகள் மட்டமாயின. 1980களில் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகியபோது கைக்குக் கூலியும் கடைச் சாப்பாடும் வந்தன. காசு கொடுத்து வாங்குவது மதிப்பானது, புற்றில் பிடிப்பது இல்லாதவர் வேலையானது என்பதே என் கணிப்பு.

இன்று அதே பனியன் கம்பெனிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பக்கம் பூச்சி இன்றும் உணவுதான். ஒடிசாவின் மயூர்பஞ்ச் செவ்வெறும்புச் சட்னி 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு பெற்றது. அசாமில் எரி பட்டுப்புழுவின் கூட்டுப்புழு விரும்பி உண்ணும் பண்டம்.

பூச்சி உணவைப் பற்றி உலகம் பரவலாகப் பேசத் தொடங்கியது 2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அறிக்கைக்குப் பிறகுதான். ஒரு கிலோ வெட்டுக்கிளியினப் பூச்சியான சுவர்க்கோழியை வளர்க்கச் சுமார் 1.7 கிலோ தீவனம் போதும், மாட்டுக்கு அது 10 கிலோ என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூர், 2024 ஜூலையில் 16 பூச்சியினங்களை உணவாக அனுமதித்தது. பட்டுப்புழு அதில் உண்டு, ஈசல் இல்லை. காட்டில் பிடித்தவை கூடாது, பண்ணையில் வளர்ந்தவை மட்டுமே என்பது விதி. ஈசலோ ராணிக் கறையானும் புற்றும் மழையும் கூடினால்தான் வரும். பண்ணைக்கு எளிதில் அடங்காது.

ஆகவே திருப்பூர் மாவட்டத்தில் பூச்சி உணவுக்கு வழி திறந்தால், அது உடுமலைப்பேட்டையின் மல்பெரித் தோட்டங்கள் பக்கமிருந்தே திறக்கும். பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவில் புரதம் மிகுதி. அது கோழித் தீவனமாகவும் மீன் தீவனமாகவும் பயன்படுகிறது. பக்கத்திலேயே பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைகள் இருக்கின்றன. கோழிக்குப் புழு கொடுப்பதற்கு யாரிடமும் முகச்சுளிப்பு இல்லை.