செண்டரோவின் மின்சாரமும் தோட்டத்து மண்ணெண்ணெய் விளக்கும்

பேராக் ஆற்றின் நீர்வலிமையை மின்சாரமாக்க 1926இல் ஓர் ஆங்கிலக் கம்பெனி தோன்றியது. கோலகங்சாருக்கு அருகே அது எழுப்பிய செண்டரோ அணை 1930ஆம் ஆண்டளவில் பயன்தரத் தொடங்கிற்று. அம்மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கை அடையத் தாமதம் நேரவில்லை. ஈயக் கப்பல்களும் நீரிறைக்கும் பொறிகளும் அங்கே காத்திருந்தன. வாங்குவோர் இருந்த திசையில் கம்பி விரைந்தது.

ரப்பர்த் தோட்டங்களின் கதை வேறு. லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே ஆட்சி புரிந்தது. பின்னர்ப் பல தோட்டங்களில் டீசல் ஜெனரேட்டர் வந்தது. அதுவும் இரவில் சில மணி நேரமே ஓடும். அது நின்றால் பிள்ளைகளின் படிப்பும் நிற்கும். இதற்குப் பொறியியலைக் குறைகூற இயலாது. சில விளக்குகளுக்காகக் கம்பம் நாட்டி, மின்மாற்றி வைக்கும் செலவை ஏற்பவர் யார்? தோட்டம் தனியார் நிலமாதலின், அரசின் ஊர்ப்புற மின்திட்டமும் பெரும்பாலும் வாயிலோடு நின்றது.

1982இல் அக்கம்பெனி தேசிய மின்சார வாரியத்தின் வசமாயிற்று. குடியிருப்புக்கு மின்சாரம் அளிப்பதை முதலாளியின் கடமையாக்கிய சட்டமோ 1990இல்தான் பிறந்தது. அதற்குள், 1985இல் ஈய விலை சரிந்து, செண்டரோவின் முதல் வாடிக்கையாளரான சுரங்கங்கள் பல மூடப்பட்டிருந்தன.

சிறு நீர்மின், கதிரொளி நிலையங்களின் மின்சாரத்தைப் பொதுக் கம்பியில் இணைத்து வாங்குவதற்கு 2011ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. இணைப்புச் செலவு யாருடையது என்னும் பழைய வினா அங்கும் எழுந்தது.